வசீலா சொன்ன ஓம்

கல்முனைக் கடைத்தெருவில் என்னை ஹமீட் என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. சாறன் முனைகளை மூட்டித் தைக்கக் கொண்டுவருகிற கிழவன்கூட "வசீலா, எப்ப தருவாய்?" என்றுதான் கேட்பான். நான் தையல்காரன். 'வஞ்சகி' நாடகத்தில் வசீலாவாக நடித்தவனும் நான்தான். தையல் எனக்குச் சோறு போட்டது. நாடகம் என் பெயரைப் பிடுங்கிக்கொண்டது. முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது.

எங்கள் ஊர்களில் பெண்பிள்ளைகள் மேடையேற மாட்டார்கள். ஆண்கள்தான் சேலை கட்ட வேண்டும். எனக்கு மெலிந்த உடம்பு, மீசை ஒழுங்காக முளைக்காத முகம், ரவிக்கை தைக்கத் தெரிந்த கை. எங்கள் எல்லாருக்கும் அண்ணன் முறையான மஜீட் காக்கா என்னைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டார். அவருக்கு பஸ் நிலையத்துக்கு எதிரே தேநீர்க் கடை. தேத்தண்ணி ஆற்றுகிற அதே கையால்தான் நாடகமும் எழுதுவார். அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் கடையில் இருப்பவர்களின் தேத்தண்ணி ஆறும், பஸ் தவறும், ஆனாலும் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். அப்படி ஒரு வாய் அவருக்கு. அந்த வாய் செய்த வேலையைத்தான் சொல்ல வந்தேன்.

'வஞ்சகி' எண்பத்து நாலாம் ஆண்டு சாய்ந்தமருதில் முதலில் மேடையேறியது. கதை இதுதான். வசீலாவின் புருசன் காசிம் கடலுக்குப் போகிறான். சூறாவளி அடிக்கிறது. முகம் கரைந்த பிரேதம், மையித்து ஒன்று கரையொதுங்குகிறது. அதன் இடுப்பில் கிடந்த சாறனில் ஒரு பச்சை இழை. "இது உன் புருசனா?" என்று ஊர் கேட்கிறது. வசீலா குனிந்து பார்த்துவிட்டு "ஓம்" என்று ஒத்துக்கொள்கிறாள். சொல்லிவிட்டு ஊருக்குத் தெரியாமல், சபையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கிறாள். ஏனென்றால் அவளுக்கு நசூர் முதலாளி மேல் கண். புருசன் செத்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்ததும் அவனைக் கல்யாணம் முடிக்கிறாள். பிறகு காசிம் உயிரோடு வருகிறான், விஷயத்தை அறிகிறான், தன் பெயரில் இருக்கிற கல்லறையில், அந்தக் கபுறடியில் விழுந்து மௌத்தாகிறான்.

அந்தச் சிரிப்புத்தான் நாடகத்தின் உயிர் என்பார் மஜீட் காக்கா. இடது பக்க உதட்டை மட்டும் லேசாகத் தூக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று பழகினேன். நான் அப்படிச் சிரித்ததும் பெண்கள் பக்கத்துத் துணித் திரைக்குப் பின்னாலிருந்து சாபம் கிளம்பும். "நாசமாப் போவாய்" என்பார்கள். நிந்தவூரில் ஒரு செருப்பு வந்து காலடியில் விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் செருப்பைக் கொஞ்ச நாள் கடையில் மாட்டிவைத்திருந்தேன்.

காசிமாக நடித்தவன் சாலிஹ். அழ வைப்பதில் கெட்டிக்காரன், அது அவனுக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரியும். ஒத்திகையில் அவனுக்கும் மஜீட் காக்காவுக்கும் ஒரு வசனத்தில் சண்டை. திரும்பி வந்த காசிம் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, "வெத்திலைய மடிச்சு வைக்கச் சொல்லிட்டுப் போனன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"காக்கா, இதுக்கு ஒருத்தனும் அழ மாட்டான். எடுத்துருங்க" என்றான் சாலிஹ்.

எழுதியதை வெட்டு என்றால் சளைக்காமல் வெட்டுகிற மனிசன், அந்த ஒரு வரியில் மட்டும் கை வைக்க விடவில்லை. "அது கிடக்கட்டும்" என்றார். கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், "அரபு நாட்டுப் பழைய கதை, எங்கயோ படிச்சன்" என்று சொல்லிக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். எழுத்தாளன் என்றால் இப்படித்தான் பந்தா காட்டுவான் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

எல்லா ஊருக்கும் போன பிறகுதான் மருதமுனைக்குப் போனோம். அதையும் மஜீட் காக்கா தள்ளிக்கொண்டேதான் வந்தார். மைதானம் சரியில்லை, மழை வரும் என்று ஏதாவது சொல்லுவார். கடைசியில் மருதமுனை இளைஞர்கள் கடைக்கே வந்து பிடித்துவிட்டார்கள். அங்கே நாடகம் நன்றாகத்தான் போனது. ஆனால் நான் சிரித்த இடத்தில் சாபம் வரவில்லை. பெண்கள் பக்கம் கம்மென்று இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, என் சிரிப்புச் சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். மூத்தவருக்கு முப்பது வயது சொல்லலாம். மற்றவள் தங்கச்சி என்று பார்த்தவுடனே தெரிந்தது, ஒரே மூக்கு.

"தம்பி, நேத்து வசீலாவா வந்தது நீங்கதானே?" என்றார் மூத்தவர்.

"ஓம் ராத்தா" என்று அக்கா முறை வைத்துச் சொன்னேன். நேற்று எறிய மறந்த செருப்பை எறிய வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

அவர் பையிலிருந்து ஒரு சாறனை எடுத்து என் வெட்டு மேசையில் விரித்தார். நீலக் கட்டம் போட்ட மருதமுனைச் சாறன். மூட்டாத துணி. அதில் ஒரு பச்சை இழை, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேராக ஓடியது.

"நான் ஆசியா உம்மா. மருதமுனை மீராசாஹிபுட மூத்த மகள். இவ என்ட தங்கச்சி றபீக்கா. இது நான் நெய்தது. தறிக்குப் பாவு ஓட்டக்குள்ள நீல நூல் முடிஞ்சி போச்சி. கைக்கு வந்த பச்சைய ஓட்டிட்டன். அதால அந்தப் பாவுல அறுத்த சாறன் எல்லாத்துலயும் இந்தப் பச்ச இரிக்கி. ஒண்டு என்ட புருசனுக்கு, ஒண்டு இது. மத்ததெல்லாம் சந்தைக்குப் போச்சி. நம்மட ஆக்களும் வாங்கினாங்க, பெரியநீலாவணைத் தமிழாக்களும் வாங்கினாங்க."

"ஒங்கட புருசன்?"

"கச்சிமுகம்மது. எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு முதல் நாள் தோணியில போனவர்."

என் கையில் இருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டேன். சூறாவளியைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தென்னைகள் எல்லாம் தலையில்லாமல் நின்ற காலம் அது. ஆனால் நான் மேடையில் கட்டிக்கொண்டு திரிந்த சேலைக்குள் உண்மையாக ஒரு மனிசி இருக்கிறா என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆசியா ராத்தா நின்றபடியே சொன்னார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்கட ஊருக்கும் பெரியநீலாவணைக்கும் நடுவுல அந்த மையித்து ஒதுங்கிச்சி. முகம் இல்ல. உடம்பு இருந்த இருப்புக்கு நம்மட ஆளா, தமிழாளா எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. கேக்க ஆளில்லாத மையித்துகள எண்ணெய் ஊத்திக் கொளுத்திட்டிருந்தாங்க. ஊருல நோய் வந்துரும் எண்டு பயம். எண்ணெய்க் கானோட நிண்டவங்க என்னக் கேட்டாங்க, ஒன்ட புருசனா இல்லியா, கெதியாச் சொல்லு எண்டு."

"நீங்க ஓம் எண்டு சொன்னீங்க."

"எனக்குத் தெரியாது தம்பி. சாறன் என்ட கை நெய்தது. அதுக்குள்ள கிடந்தது ஆரெண்டு எனக்குத் தெரியாது. இல்ல எண்டு சொல்லி, அது அவரா இருந்திச்செண்டா? என்ட வாயால என்ட புருசனக் கொளுத்தினதாப் போயிரும். ஓம் எண்டு சொல்லி, அது வேற ஆளா இருந்தா, ஆரோ பெத்த புள்ளைக்கு ஒரு கபன் துணி கிடைக்கும். குளிப்பாட்டி, அதால மூடித் தொழுவிச்சி அடக்குவாங்க. அதுக்குத்தான் ஓம் எண்டன். நீங்க அந்த இடத்துல சிரிக்கிறீங்க."

எனக்கு முகம் சுட்டது. வெட்கத்தில் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "ராத்தா, அது அரபு நாட்டுக் கதை. மஜீட் காக்கா படிச்சதாம்" என்று உளறினேன்.

"அரபு நாட்டுல வெத்திலை போடுவாங்களா தம்பி?"

கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அவர் கடலுக்குப் போகக்குள்ளெல்லாம் அதத்தான் சொல்லுவார். 'வெத்திலைய மடிச்சு வை கா, வந்து போடுறன்.' ஊட்டுக்குள்ள நிண்டு மெல்லமாத்தான் சொல்லுவார். என்ட உம்மாவுக்கே தெரியாது. இந்தா இவளுக்கும் நேத்துத்தான் சொன்னன். ஊருல சூறாவளிக் கதை எல்லாருக்கும் தெரியும், பச்ச இழை தெரியும். வெத்திலைக் கதை அவருக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். அவர் மௌத்தாகல்ல தம்பி. திரும்பி வந்திரிக்கார். வந்து ஆரோடயோ கதைச்சிரிக்கார்."

றபீக்கா தன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இத்தா இருந்தன். வாப்பா மறுகா எனக்கு மாப்பிள்ளை பேசினார். நான் ஏலா எண்டுட்டன். நான் சொன்ன ஓம்ல எனக்கே நம்பிக்கை இல்லாமத்தான் இருந்திச்சி. பேசின மாப்பிள்ளைய இவளுக்கு முடிச்சாங்க. நான் தறியோட இருந்துட்டன். அவர் வந்தாரெண்டா ஏன் ஊட்டுக்கு வரல்ல? என்னப் பத்தி என்ன நெனச்சிட்டுப் போனார்? எனக்கு அது மட்டும் தெரியணும்."

கடையைப் பூட்டினேன். மூவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். வழியில் ஒருவன் "வசீலா, எங்க போறாய்?" என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை அடிக்கப் போனேன். ராத்தா "வாங்க தம்பி" என்றார், விட்டுவிட்டேன்.

மஜீட் காக்கா எங்களைக் கண்டதும் தேத்தண்ணிக் கேத்தலைக் கீழே வைத்தார். ஆசியா ராத்தாவை அவருக்கு யாரும் அறிமுகப்படுத்தத் தேவைப்படவில்லை. கடைக்குள் இருந்த இரண்டு பேரையும் "கடை சாத்தப் போறன்" என்று அனுப்பிவிட்டு, அரைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"நான் ஒங்களுக்குப் பயந்துதான் மருதமுனைக்கு வராம இருந்தன்" என்றார்.

"என்ட புருசன் வந்தாரா காக்கா?"

"வந்தார்."

ராத்தா அப்போதுதான் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

எண்பத்தொன்றில் ஒரு நாள் கொழும்பு பஸ்ஸிலிருந்து தாடி வைத்த, எலும்பும் தோலுமான ஒரு மனிசன் இறங்கி அவர் கடைக்கு வந்தானாம். தேத்தண்ணி கேட்டான். வேற ஊர்க்காரன் மாதிரி, மருதமுனை மீராசாஹிபு வீட்டுப் புதினம், சேதி என்ன என்று விசாரித்தான். மஜீட் காக்காவுக்குக் கேட்க வேண்டுமா? புது ஆள், பழைய கதை. சூறாவளியிலிருந்து தொடங்கினார். மருமகன் கடலில் போனது, மையித்து ஒதுங்கியது, மகள் பச்சை இழையைப் பார்த்துச் சட்டென்று ஓம் என்றது எல்லாம் சொன்னார். "சட்டென்று" என்பதை அவராகச் சேர்த்துக்கொண்டார். அதோடும் நிற்கவில்லை.

"அப்துல் ஸமட் எண்டவன் மீராசாஹிபு ஊட்டுக்கு மாப்பிள்ளையாப் போறான் எண்டு கடையில கதைச்சாங்க" என்றார் மஜீட் காக்கா. "அதுக்கு முதல் ஒங்களுக்குப் பேசின மாப்பிள்ளை எண்டும் கேள்விப்பட்டிருந்தன். ரெண்டையும் சேத்து முடிச்சிப் போட்டன். இந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு நிக்காஹ், பந்தலும் போட்டாச்சி, புருசன் செத்தது அவளுக்கு வசதியாப் போச்சி எண்டு சொன்னன். அந்த மனிசன் எழும்பி மருதமுனைப் பக்கம் போற பஸ்ஸுல ஏறிப் போனார். பின்னேரம் திரும்பி வந்து இதே வாங்குல இருந்தார். 'அந்தக் கபுறுல கிடக்கிற ஆள் நான்தான்' எண்டு சொன்னார்."

தோணி பாய்மரம் முறிந்து நாள்கணக்காக அலைந்ததையும், ஏதோ ஒரு கப்பல்காரன் தூக்கிப் பர்மாவில் இறக்கியதையும், அங்கே சிறையில், மறியலில் கிடந்ததையும் அந்த மனிசன் சொல்லியிருக்கிறார். ஊருக்குப் போய் ஒழுங்கை முனையில் நின்று பார்த்திருக்கிறார். வளவுக்குள் பந்தல். வெள்ளையடித்த சுவர். உள்ளே குரவைச் சத்தம். வாசல் கடப்படியைத் தாண்டவில்லை.

"போய்ச் சொல்லுங்க, நான் உசிரோட இரிக்கன் எண்டு சொல்லுங்க எண்டு நான் சொன்னன்" என்றார் மஜீட் காக்கா. "அதுக்கு அவர், 'அது அவட ஊடு காக்கா. சீதனமாக் கொடுத்த ஊடு. நான் மாப்பிள்ளையா வந்து இருந்தவன். இப்ப வேற மாப்பிள்ளை வாற ஊட்டுக்கு நான் என்னெண்டு சொல்லிப் படியேறுற?' எண்டார். மறுகா 'வெத்திலைய மடிச்சு வைக்கச் சொல்லிட்டுப் போனன்' எண்டார். அவ்வளவுதான். எழும்பி அக்கரைப்பற்று பஸ்ஸுல ஏறிட்டார்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்தவன் பெண்ணின் வீட்டுக்குத்தான் போக வேண்டும், அவனுக்கென்று ஒரு வாசல் கிடையாது. எத்தனை பேர் அதை வைத்துப் பகடி விட்டிருக்கிறோம், மாப்பிள்ளை என்றால் சோறு தின்ன வந்தவன் என்று.

றபீக்கா முதல் தடவையாக வாய் திறந்தாள். "அது என்ட பந்தல் காக்கா" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆசியா ராத்தா அழவில்லை. மஜீட் காக்காவை நேராகப் பார்த்தார்.

"காக்கா, புருசன் மௌத்தான பொம்புளைக்கு ஆராவது பந்தல் போடுவாங்களா? நாலு பேரக் கூப்பிட்டு ஊட்டுக்குள்ள வெச்சி முடிச்சிருவாங்க. பந்தலும் குரவையும் கன்னிக் குமருக்குத்தானே? அவர் மறியல்ல கிடந்து வந்த மனிசன், அவருக்கு மூளை வேலை செய்யல்ல. நீங்க ஊர்க்கதை முழுக்கத் தெரிஞ்ச ஆள். அதக்கூட யோசிக்கல்லியா?"

மஜீட் காக்கா தலையைத் தூக்கவில்லை. "யோசிக்கல்ல புள்ள" என்றார். "கதை நல்லாப் போய்க்கிட்டிருந்திச்சி."

அவரை எனக்கு இருபது வயதிலிருந்து தெரியும். அப்படி ஒரு வெறுப்பு அவர் மேல் எனக்கு வரும் என்று நினைத்ததில்லை. அந்த நேரத்தில் வந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை நிக்காஹ் றபீக்காவுக்கு என்று தெரிந்ததும் அவர் அக்கரைப்பற்றுக்குப் போய்த் தேடியிருக்கிறார். நெல் ஆலைகளிலும் சந்தையிலும் கேட்டிருக்கிறார். சாகாமத்து வயல்களில் கூலிக்கு நிற்கிற ஆட்களிடமும் கேட்டிருக்கிறார். ஆள் இல்லை. பிறகு பயம் பிடித்தது. மீராசாஹிபு வீட்டுக்குப் போய் என்னவென்று சொல்வது? வாயை மூடிக்கொண்டார். அந்த வாய் மூடியது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

"அப்ப ஏன் காக்கா நாடகம் எழுதினீங்க?" என்று நான் கேட்டேன். "அதுலயும் இந்த ராத்தாவ ஏன் இப்பிடி எழுதினீங்க?"

மஜீட் காக்கா சொன்னார். "நான் அந்த மனிசனுக்குச் சொன்னது எங்கயாவது ஒரு இடத்துலயாவது உண்மையா இருக்கட்டும் எண்டு நெனச்சன். மேடையில வசீலா வஞ்சகி. அவ ரெண்டாம் கல்யாணம் முடிக்கிறா. அப்ப நான் சொன்னது பொய்யில்லத்தானே. ஆக்கள் அவளுக்குச் சாபம் போடக்குள்ள எனக்குக் கொஞ்சம் நித்திரை வந்திச்சி."

இத்தனை ஊரும் அழுத நாடகம் அந்தக் கடையில்தான் முதலில் நடந்திருக்கிறது. பார்த்தவன் ஒரே ஒருவன். அவன் அதை நம்பி எழும்பிப் போய்விட்டான்.

நான் என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. உயிரோடு இருந்த மனிசனை அடக்கியது நீங்கள்தான், இந்த ராத்தா இல்லை என்று கத்தியது நினைவிருக்கிறது. ஆசியா ராத்தாதான் என்னை நிறுத்தினார்.

"கத்தி என்ன ஆகப்போகுது தம்பி? நாடகம் அக்கரைப்பற்றுக்குப் போகுதா?"

"அடுத்த மாசம் இரிக்கி" என்றேன்.

"அவர் அந்தப் பக்கம்தான் போயிரிக்கார். எங்கயாவது இருந்தா, கடல் கதை எண்டு கேள்விப்பட்டு வருவார். அவருக்குக் கூத்து, நாடகம் எண்டா உசிர். நீங்க அந்த இடத்துல சிரிக்காதீங்க. நான் ஒங்கட கடையில சொன்னதச் சொல்லுங்க. அவர் திரும்பி வராட்டியும் காரியமில்ல. நான் ஏன் ஓம் எண்டன் எண்டு அவருக்குத் தெரியணும்."

சாலிஹ் ஒத்துக்கொள்ளவில்லை. வசீலா நல்லவளானால் கடைசிக் காட்சியில் தான் யாருக்காகச் செத்து விழுவது என்று கேட்டான். நியாயமான கேள்விதான். நாடகம் நாறிப்போகும் என்றான். நாறட்டும் என்றேன். மஜீட் காக்கா எதிலும் தலையிடவில்லை. நாடகச் சாமான் ஏற்றுகிற லொறியில் ஒரு மூலையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அது எண்பத்தைந்தின் தொடக்கம். தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் கதை நன்றாக இல்லை. இருட்டிய பிறகு கூட்டம் கூட வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால் அக்கரைப்பற்றில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், நடுப்பகல் ளுஹர் தொழுகை முடிந்த கையோடு நாடகத்தைத் தொடங்கினோம். பிறகு கலவரம், சோதனைச் சாவடி, ஊரடங்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 'வஞ்சகி' அதற்குப் பிறகு எங்கேயும் மேடையேறவில்லை. அதுதான் கடைசி ஆட்டம் என்று எங்களுக்கு அன்று தெரியாது.

மண்டபம் நிறைந்திருந்தது. இடது பக்கம் பெண்கள், நடுவில் துணித் திரை. ஆசியா ராத்தா றபீக்காவோடு முதல் பஸ்ஸிலேயே வந்து உள்ளே போய்விட்டார் என்று சொன்னார்கள். வலது பக்கம் ஆண்கள். நெல் வியாபாரிகள், வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தவர்கள், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றவர்கள். பகல் வெளிச்சமானதால் ஒவ்வொரு முகமும் தெரிந்தது. நான் சேலையும் ஒப்பனையுமாக நின்று தாடி வைத்த முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். கச்சிமுகம்மதுவை நான் கண்டதேயில்லை. ஆனாலும் தேடினேன்.

மையித்துக் காட்சி வந்தது. துணி போர்த்திய வைக்கோல் பொம்மை மேடை நடுவில் கிடந்தது. ஊர்ப் பெரியவராக நடித்தவர் கேட்டார், "இது உன் புருசனா? கெதியாச் சொல்லு."

சபை என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கரைப்பற்று வரைக்கும் அந்தச் சிரிப்பின் புகழ் வந்திருந்தது. நான் சிரிக்கவில்லை. முழந்தாளிட்டு அந்தப் பச்சை இழையைத் தடவினேன். ராத்தா தந்த சாறன்தான் அது. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன். எனக்குத் தெரியாது. சாறன் என்ட கை நெய்தது. இல்ல எண்டு சொல்லி, அது அவரா இருந்திச்செண்டா, என்ட வாயால என்ட புருசனக் கொளுத்தினதாப் போயிரும். ஓம் எண்டு சொல்லி, அது வேற ஆளா இருந்தா, ஆரோ பெத்த புள்ளைக்கு ஒரு கபன் துணி கிடைக்கும்.

பின்வரிசையில் யாரோ விசிலடித்தான். "சிரி வசீலா" என்றான் இன்னொருவன். கொஞ்சம் சிரிப்பு எழுந்து அடங்கியது. மேடை ஓரத்தில் மஜீட் காக்கா சுவரைப் பார்த்து நின்றார்.

பெரியவராக நடித்தவருக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. பழைய கேள்வியையே மறுபடியும் கேட்டார். "சொல்லு புள்ள, உன் புருசனா?"

நான் வாய் திறப்பதற்குள், துணித் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் சொன்னது.

"ஓம்."

மெல்லிய குரல்தான். ஆனால் எல்லாருக்கும் கேட்டது. விசில் நின்றது. மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் திரைப் பக்கம் திரும்பியது. நான் மட்டும் ஆண்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவனாவது தலையைக் குனிவானா, எழும்புவானா, முகத்தை மூடுவானா என்று பார்த்தேன். எல்லாரும் வேடிக்கை, புதினம் பார்க்கிற ஆட்களாகவே இருந்தார்கள்.

நாடகத்தை எப்படியோ முடித்தோம். சாலிஹ் செத்து விழுந்தான், இரண்டு பேர் அழுதார்கள். சேலையை அவிழ்த்துப் பெட்டியில் வைத்துவிட்டு பஸ் சந்திக்கு ஓடினேன். கல்முனை பஸ்ஸுக்காக அக்காவும் தங்கச்சியும் நின்றார்கள். ராத்தா என் முகத்தைப் பார்த்தார்.

"ஆராவது எழும்பினாங்களா தம்பி?"

"இல்ல ராத்தா."

"அவர் இன்னொரு ஊருல இருப்பார்" என்றார். பொத்துவில் பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. இறங்கியவர்களை ராத்தா கடைசி ஆள் வரைக்கும் பார்த்தார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மடித்த வெற்றிலை ஒன்று இருந்தது. வெயிலில் ஓரம் வாடியிருந்தது. பக்கத்துக் கடை வாளியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் அள்ளி அதன்மேல் தெளித்து, மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டார்.